சுபான் அண்ணன் கட்டாத வட்டி

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது என்று இன்னாசி எழுதியிருந்தான். நீல ஏர்மெயில் தாளில் மொத்தம் ஆறு வரி. மழை பெய்ததா, சத்துணவுக் கூடத்துக்கு ஓடு மாற்றினார்களா, அப்பாவுக்கு மூச்சிரைப்பு எப்படி என்று மூன்று வரி. அவன் நலம் ஒரு வரி. ஐந்தாவது வரியில் விஷயம். ஆறாவது வரி கடந்த எட்டு மாதமாக எல்லாக் கடிதத்திலும் வருவதுதான்: சுபானிடம் எதுவும் சொல்லாதே.

சகாயமேரி கடிதத்தை மடித்து அரிசி இருப்புப் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டு போடச் சொன்னாள். அன்று நூற்றுப் பதினான்கு பிள்ளைகள். எல்லாருக்கும் சோறு போட்டு முடித்து, அண்டா கழுவிக் கவிழ்த்து, கூடத்தைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்த ஐந்தாவது வரி அவளுக்குள் இறங்கியது. நடந்துகொண்டே இருந்தாள். மாரண்டஹள்ளி சந்தைப் பக்கம் தக்காளிக் கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ கூப்பிட்டுக் கும்பிட்டார்கள். அவளும் கும்பிட்டாள். யாரென்று பார்க்கவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் எட்டு மாதம் சேர்ந்திருந்தார்கள். பிறகு அவன் துபாய்க்கு எலக்ட்ரீசியன் வேலைக்குப் போனான். எண்பத்தைந்து ஜனவரியில் ஒரு முறை வந்தான், நாற்பத்தைந்து நாள். அதில் பாதி விருந்துக்கும் துக்கம் விசாரிப்புக்கும் போயிற்று. அதன்பின் இல்லை. இப்போது எண்பத்தெட்டு அக்டோபர். அவளுக்கு முப்பத்திரண்டு முடியப் போகிறது. முன்பெல்லாம் கோயில் வாசலில் பெண்கள், ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும். ஒன்றிரண்டு வருஷமாக யாரும் கேட்பதில்லை. கேட்காமலிருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அவனைப் பிடித்து வைத்திருந்தது வேலையல்ல. ஒரு கையெழுத்து.

கடத்தூர் அப்துல் சுபானும் இன்னாசியும் ஒரே கம்பெனி, ஒரே அறை. சுபான் ஸ்டோர் கீப்பர். அங்கே ஒரு வங்கி மாதச் சம்பளக்காரர்களுக்கு கிரெடிட் கார்டு என்று ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. அட்டையைக் காட்டினால் கடைக்காரன் சாமானைக் கொடுத்துவிடுவான். மாதக் கடைசிக்குள் வங்கியில் கட்டினால் வட்டி இல்லை. தேதி தாண்டினால் வட்டி. சுபான் வட்டி வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார்; மார்க்கத்தில் அது கூடாது. தேதி தாண்டாமல் கட்டிவிடலாம் என்ற தைரியத்தில் வாங்கினார். விண்ணப்பத்தில் உடன் வேலை செய்கிற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஏதோ சாட்சிக் கையெழுத்து என்று நினைத்து இன்னாசி போட்டான். அது ஜாமீன் கையெழுத்து.

ஒன்றரை வருஷம் சுபான் ஒரு நாள் கூடத் தேதி தாண்டவில்லை. பிறகு ஒரே மாதத்தில் எல்லாம் நடந்தது. தங்கை கல்யாணத்துக்கு அட்டையில் வளையல் வாங்கினார். அது கட்டி முடிவதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று தந்தி. அட்டையிலேயே விமான டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் இங்கே அப்பாவை அடக்கம் செய்துவிட்டு நின்றுகொண்டிருந்த வாரத்தில், அங்கே கம்பெனி ஆட்குறைப்பு செய்து அவருடைய விசாவை ரத்து செய்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. கடன் அங்கே, ஆள் இங்கே.

கடனை ஏமாற்ற நினைக்கிற மனிதரல்ல அவர். ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அரசாங்கம் விடாது. அங்கிருந்து வரலாம், இங்கிருந்து போகக்கூடாது. யோசித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மாதம் ஆயிரம் ரூபாயை மாரண்டஹள்ளிக்கு வந்து சகாயமேரி கையில் கொடுத்துவிடுவார். இன்னாசி அந்த ஆயிரத்தை வீட்டுக்கு அனுப்பாமல், அதற்குச் சமமான திர்ஹத்தை அங்கே வங்கியில் கட்டிவிடுவான். பில்களையெல்லாம் அடுக்கி வைத்துத் தன் கையால் கணக்குப் போட்டு, இருபத்துநாலு மாதம் என்று முடிவு செய்தார். ஒரு மாதம் தவறவில்லை. இந்த பிப்ரவரியில் கடைசி ஆயிரத்தோடு ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் கொண்டுவந்து வைத்து, கழுத்தில் கிடந்த கயிறு கழன்றது தங்கச்சி என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அவருடைய கணக்கில் வட்டி இல்லை. மறந்து விட்டுப்போனதல்ல. அப்படி ஒன்று தனக்கு இல்லவே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். வாங்கினது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, சரியாகிவிட்டது.

வங்கியின் கணக்கு வேறு. இன்னாசி கட்டக்கட்ட அதை முதலில் வட்டிக்கும் அபராதத்துக்கும் எடுத்துக்கொண்டது. இருபத்துநாலு மாதம் கழித்தும் மூவாயிரத்து அறுநூறு திர்ஹம் நின்றது. அது தீரும்வரை ஜாமீன்காரனுக்குத் தடையில்லாக் கடிதம் தர மாட்டோம் என்றார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் கம்பெனி பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காது. எண்பத்தேழில் வரவேண்டிய விடுமுறை அப்படித்தான் போயிற்று. பிப்ரவரியில், சுபான் பேரீச்சம்பழம் கொண்டுவந்த அதே வாரத்தில், இன்னாசி இதையெல்லாம் எழுதினான். அவன் எழுதியதிலேயே நீளமான கடிதம் அதுதான். 'அவனுக்குத் தெரிந்தால் ஒன்று மார்க்கத்தை உடைப்பான், இல்லை அவனே உடைவான். இரண்டையும் நான் பார்க்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன். நீ பொறுத்துக்கொள்.'

பொறுத்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் அது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு இறங்கியிருந்தது. மாதம் கட்டுவதில் பாதியை வட்டியே தின்றது. இப்படியே போனால் எப்போது என்று அவள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்னும் இரண்டு வருஷத்துக்கும் மேல் காட்டியது. பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

காலாண்டு விடுமுறை வந்தது. புதன்கிழமை காலை, இன்னாசி அனுப்பியிருந்த வங்கித் தாளைப் பையில் வைத்துக்கொண்டு கடத்தூருக்குப் புறப்பட்டு பஸ் ஏறினாள். சொல்லத்தான் போகிறோமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. பாலக்கோடு வரும்வரை சொல்லிவிடுவதாகத்தான் இருந்தது. பாலக்கோட்டில் பஸ் அரைமணி நேரம் நின்றது. அந்த அரைமணியில் கணவனின் கையெழுத்து நினைவுக்கு வந்தது, 'சொல்லாதே' என்பதில் அவன் போடுகிற ஒற்றைக்கொம்பு. தர்மபுரியில் இறங்கியபோது, சும்மா பார்த்துவிட்டு வந்துவிடலாம், சுபான் அண்ணன் மனைவியை விசாரித்த மாதிரி இருக்கும் என்றிருந்தது. கடத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சுபான் இப்போது கடத்தூர் கடைவீதியில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தார். சின்னக் கடைதான். ஆனால் துபாய் ஸ்டோர் மாதிரியே ஒவ்வொரு தட்டுக்கும் நம்பர் ஒட்டி, ஒயர், சுவிட்ச், பல்ப் எல்லாம் வரிசையாக இருந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கடையைப் பக்கத்துத் தையல்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னாலேயே இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி அஸ்கரி பேகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இளைத்துவிட்டாய் என்றாள். வெயிலில் வந்ததற்குத் திட்டினாள். சாப்பிடாமல் விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சுபான் இன்னாசியைப் பற்றித்தான் பேசினார். அவருக்குப் பேச வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் எட்டு பேர், எட்டு கட்டில், ஒரு ஃபேன். இவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வழக்கம் இருந்ததாம். கடல் உள்ளே நுழைந்து ஓடுகிற கழியோரத்துக்கு நடந்துபோய் உட்கார்ந்துகொள்வது.

"ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்போம் தங்கச்சி. ஒரு வார்த்தை பேச மாட்டோம். படகு போகும், வரும். எந்திரிச்சு வரும்போது பார்த்தா, மனசு விட்டுப் பேசின மாதிரி இருக்கும். இங்க வந்து மூணு வருஷம் ஆவுது. எல்லாரும் பேசறாங்க. அந்த மாதிரி பேசாம உக்கார ஒரு ஆள் இல்ல."

அவள் தலையாட்டினாள். அந்த மௌனம் அவளுக்குத் தெரியும். அந்த எட்டு மாதத்தில், சாயங்காலங்களில் அவன் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் எதிரில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். பேச்சு இருக்காது. அவன் கையை நீட்டினால் திருப்புளியை எடுத்துக் கொடுப்பாள். அவ்வளவுதான். அவளுக்குக் கிடைத்தது எட்டு மாதமும் நாற்பத்தைந்து நாளும். இவருக்கு இரண்டு வருஷத்துக்கும் மேலான வெள்ளிக்கிழமைகள். அவள் இந்த மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். பிறகு இவரும் தன்னைப் போலத்தான் என்று தோன்றியது. ஒரே ஆளுக்காக இரண்டு ஊரில் இரண்டு பேர் காத்துக்கொண்டிருக்கிறோம். சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். பைக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்தாள்.

அஸ்கரி பேகம் தட்டு வைத்தாள். சாப்பிட ஆரம்பித்தபோது சுபான் கேட்டார், இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வருகிறானா என்று. இல்லை என்றாள்.

"ஏன் வரமாட்டேங்கறான்? நான் கடனைக் கட்டி எட்டு மாசம் ஆச்சு. என் ஆயிரமும் இப்ப அவன் சம்பளத்துல புடிக்கறதில்ல. ஒட்டகத்தையே கட்டிக்கிட்டானா?" சிரித்தார். பிறகு கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். "நான் பார்த்திருக்கேம்மா. இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்னு காசு சேத்துக்கிட்டே இருப்பானுங்க. வூட்டுல ஒருத்தி இருக்கிறது மறந்து போயிடும். இன்னாசியும் அந்த மாதிரி ஆவான்னு நான் நெனக்கல. நானே எழுதறேன். காசுப் பேய் புடிச்சுருச்சாடான்னு கேக்கறேன்."

சோற்றில் வைத்த கை நின்றுவிட்டது. அவன் வராததைப் பொறுத்திருந்தாள். ஊரார் கேட்டதை, கேட்காமல் விட்டதை, எல்லாம் பொறுத்திருந்தாள். இது முடியவில்லை. அதுவும் இவர் வாயால்.

"அவரு காசுக்காக அங்க இல்லீங்கண்ணே," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "உங்க வட்டிக்காக இருக்கறாரு."

அஸ்கரி பேகம் குழம்புக் கரண்டியோடு நின்றாள். சகாயமேரி இடது கையால் பையைத் திறந்து வங்கித் தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார். ஸ்டோர் கீப்பர் அல்லவா, எண்களை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. திரும்ப மேலே போய் மறுபடி வந்தார். அதே இடத்தில் நின்றது.

"நான் வட்டி கட்டலியே," என்றார்.

"நீங்க கட்டல. அவரு கட்டறாரு. அது முடிஞ்சாத்தான் பாஸ்போர்ட்டு."

எவ்வளவு நாளாக உனக்குத் தெரியும் என்று கேட்டார். நீங்கள் பேரீச்சம்பழம் கொண்டுவந்த நாளிலிருந்து என்றாள். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. சொல்லாததற்குக் காரணம் அவர் கையிலேயே, அந்தத் தாளின் பின்பக்கம், இன்னாசியின் கையெழுத்தில் இருந்தது: அவனுக்குத் தெரிந்தால் உடைந்துவிடுவான், சொல்லாதே.

அவர் எழுந்து கடைப்பக்கம் போனார். கதவருகே, தெருவைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். முதுகு மட்டும் தெரிந்தது. அஸ்கரி பேகம் அவளைச் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டாள். சோறு இறங்கியது, ருசி தெரியவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்து போய்த் தொழுதுவிட்டு வந்தார். மறுபடி அதே ஸ்டூல். இரண்டு பெண்களும் பாத்திரம் கழுவி முடித்தார்கள். தவறு செய்துவிட்டோம் என்று சகாயமேரிக்குத் தோன்றியது. கணவன் பயந்தது இதைத்தான். இந்த முதுகைத்தான்.

கடைசியில் அவர் உள்ளே வந்து மனைவியிடம் உருதுவில் ஏதோ சொன்னார். அவள் பதில் சொன்னாள். இவர் மறுத்தார். அவள் இன்னும் சுருக்கமாக ஏதோ சொன்னாள். சகாயமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. பீரோ திறக்கிற சத்தம் மட்டும் புரிந்தது. தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணம். பன்னிரண்டாயிரம்.

சகாயமேரி அதைத் தொடவில்லை. இந்தப் பணம் இங்கே என் கையில் இருந்து என்ன செய்ய என்றாள். கடன் அங்கேதானே இருக்கிறது. பழையபடி மாதாமாதம் என்றால், வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டு அவர் அங்கே கட்டினாலும் இன்னும் அரை வருஷம் ஆகும்.

"உனக்கில்ல. நல்லம்பள்ளிக்கு," என்றார் சுபான். குரல் ஸ்டோர் கீப்பர் குரலாக மாறியிருந்தது. அந்த அறையில் எட்டு பேரும் சேர்ந்து சீட்டு போடுகிறார்கள். வரிசை போட்டுக் கொடுத்ததே அவர்தான், இன்றைக்கும் அதே வரிசைதான். இந்த மாதம் நல்லம்பள்ளி முனிராஜ் முறை, மூவாயிரத்து இருநூறு திர்ஹம். முனிராஜ் அதை அப்படியே நல்லம்பள்ளிக்கு அவன் அப்பாவுக்கு, வீடு கட்ட அனுப்புவான். அதற்கு ஈடாக இந்தப் பணத்தை இவர் நாளைக்கே நல்லம்பள்ளிக்குப் போய் அவன் அப்பா கையில் ரூபாயாகக் கொடுத்துவிட்டால், முனிராஜ் அனுப்ப வேண்டியதில்லை. சீட்டுப் பணத்தில் தேவையானதை இன்னாசியிடம் கொடுத்துவிடலாம். ஒரே நாளில் வங்கிக் கணக்கு முடிந்துவிடும்.

"பேங்குக்கு நான் வட்டி கட்டமாட்டேன். அது இன்னைக்கும் மாறல," என்றார். "நான் முனிராஜ் வூட்டுக்குக் குடுக்கறேன். முனிராஜ் இன்னாசிக்குக் குடுக்கறான். எனக்காக இன்னாசி கையைவிட்டுப் போன காசு, அது நான் அவனுக்குப் பட்ட கடன். அதை அவன் எங்க கொண்டுபோய்ப் போடறான்னு நான் கேக்கப் போறதில்ல."

"அல்லா கேட்டா?" என்றாள் அஸ்கரி பேகம், தமிழில்.

அவர் வங்கித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கேட்டா என்னைக் கைகாட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்தாள்.

கடிதம் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். அதற்குள் முனிராஜ் பணத்தை அனுப்பிவிடுவான். தந்திதான் கொடுக்க வேண்டும். தபால் ஆபீசுக்கு இரண்டு பேரும் நடந்தார்கள். சுபான் படிவத்தை வாங்கி, ஸ்டோரில் எழுதிய அதே பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதினார். முனிராஜ் வீட்டில் பணம் கொடுக்கிறேன், அவன் சீட்டை வாங்கி வங்கியை முடி, சுபான். எழுதியதை அவளுக்குத் தமிழில் சொன்னார். பேனாவை மூடப் போனார்.

"நான்தான் சொன்னேன்னு அவருக்குத் தெரிஞ்சுரும்," என்றாள்.

"கோபப்படுவானா?"

"படுவாருங்க. பேசமாட்டாரு. லெட்டர் வராது. கிறிஸ்துமஸ் போகும், ஈஸ்டர் போகும்." படிவத்தைப் பார்த்தாள். "என் பேர்ல ஒண்ணு சேர்த்து எழுதுங்க. கோபம் இருந்தா நேர்ல வந்து காட்டச் சொல்லுங்க."

சுபான் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, யோசித்து எழுதினார். கோபமிருந்தால் வா என்று போட்டிருப்பதாகச் சொன்னார். வெளிநாட்டுத் தந்திக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு.

"நேர்லன்னு போடுங்கண்ணே."

"வான்னா நேர்லதானேம்மா."

"அவரு லெட்டர்லயே வந்துட்டுப் போயிருவாரு. நேர்லன்னு போடுங்க."

ஒரு வார்த்தை கூட்டிப் போட்டார். தந்தி குமாஸ்தா பேனா முனையால் வார்த்தைகளை எண்ணிக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் ஒரு நொடி நின்று அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி எண்ணினார். காசை அவள் கொடுத்தாள். சுபான் கொடுக்கப் போனதைத் தடுத்துவிட்டாள்.

தர்மபுரி பஸ் வரும்வரை அவர் கூடவே நின்றார். இரண்டு பேரும் பேசவில்லை. அது சங்கடமாகவும் இல்லை. பஸ் வந்ததும், வந்தால் முதலில் இங்கே கூட்டிவா என்றார். அப்புறம் வேண்டாம் என்றார். ஒரு மாதம் கழித்துக் கூட்டிவா.

ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள். தந்தி இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். அவன் அதைப் படிக்கிற முகத்தை நினைத்துப் பார்த்தாள். கோபம் வந்தால் அவனுக்கு ஒரு புருவம் மட்டும் மேலே ஏறும். இடதா வலதா என்று யோசித்தாள். கண்ணை மூடிப் பார்த்தாள். பஸ் புளியமர வளைவில் திரும்பியது, எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். எந்தப் பக்கம் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.